சிங்கப்பூரில் இரண்டு இரவு, ஆக்லாந்தில் இரண்டு விடியல்: ஒரு தம்பதியின் நெடும்பயணத்தின் முதல் வாரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருச்சியில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், ஊசி மருந்தை எதில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2024 ஜனவரியில் நியூசிலாந்து சென்ற ஒரு தம்பதியின் முதல் ஏழு நாள்களை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன். ஒரே விமானத்தில் பறந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இருவரில் மனைவி சீக்கிரம் தெளிந்துவிட, கணவர் ஒரு வாரம் தடுமாறினார். அந்தத் தடுமாற்றம் ஒரு சாலை விபத்தின் விளிம்பு வரை கொண்டுபோய்விட்டது. அதற்கான காரணங்களில் ஒன்று, நான் கொடுத்த அறிவுரையில் இருந்த ஒரு சொல்.

பயணிகள்

கணவருக்கு 63 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பகலில் மாத்திரைகளும், இரவு ஒன்பது மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர். இரவு பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுவார். மழை பெய்தாலும் ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒழுங்கினால்தான் அவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று நானே பலமுறை அவரைப் பாராட்டியிருக்கிறேன். மனைவிக்கு 58 வயது. தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பயணத் திட்டம் இதுதான். திருச்சியிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, ஏறத்தாழ நான்கேகால் மணி நேரப் பறப்புக்குப் பிறகு சிங்கப்பூர். அங்கே இரண்டு இரவு இடைத்தங்கல். மூன்றாம் நாள் மாலை கிளம்பி, பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து நான்காம் நாள் முற்பகலில் ஆக்லாந்து. அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் காலை வாடகைக் காரில் ரோடோருவா. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஜனவரி அங்கே கோடைகாலம்; அப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் ‘கோடை நேரம்’ நடப்பில் இருப்பதால் நியூசிலாந்து ஏழரை மணி நேரம் முந்தியது. அதாவது இந்த இடைத்தங்கல், மொத்த நேர வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கை வழியிலேயே கடந்துவிடும் வாய்ப்பைத் தருகிறது. சிங்கப்பூரைச் சுற்றிப் பார்ப்பதற்காகத்தான் அவர்கள் அங்கே தங்கினார்கள். எனக்கோ அந்த இரண்டு நாள்கள்தான் பயணத்தின் மிக முக்கியமான பகுதியாகத் தோன்றின.

உடல் கடிகாரம் எப்படி நகர்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய நரம்புத் திரள்தான் தூக்கம், உடல் வெப்பம், பசி, ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றின் நாள் ஒழுங்கை நடத்துகிறது. கண்ணின் விழித்திரையில் உள்ள, வெளிச்சத்தை அளப்பதற்கென்றே அமைந்த சில செல்கள் அதற்கு நேரம் சொல்கின்றன. அந்தக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது என்பதால், நேரத்தைப் பின்தள்ளுவது எளிது, முன்னிழுப்பது கடினம். மேற்கே லண்டனுக்குப் போகிறவரைவிடக் கிழக்கே ஆக்லாந்துக்குப் போகிறவர் அதிகம் சிரமப்படுவது இதனால்தான். கிழக்கு நோக்கிய பயணத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் உடல் முன்னே நகரும்.

எல்லா நேரத்து வெளிச்சமும் கடிகாரத்தை ஒரே திசையில் நகர்த்துவதில்லை. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நம் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. அந்தத் தாழ்நிலைக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் பின்னே தள்ளும். கணவருக்கு அந்தத் தாழ்நிலை நம் நேரப்படி விடியற்காலை மூன்று மணியை ஒட்டி இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் அது ஐந்தரை மணி. உடல் எதுவும் நகராமல் நேராக ஆக்லாந்து போயிருந்தால் காலை பத்தரை மணி.

சிங்கப்பூர்

காலை ஏழேகாலுக்கு விமானம் இறங்கியது. அப்போதுதான் அங்கே விடிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி அந்நாட்டு நேரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முந்தியதாக இருக்க வேண்டும். 1982 முதல் எட்டு மணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் ஜனவரியில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. நம் பயணிகளுக்கு இது மிகவும் வசதியானது, ஏனென்றால் உடலின் தாழ்நிலை கடந்த பிறகுதான் அங்கே வெளிச்சமே வருகிறது. எந்தக் கவலையும் இல்லாமல் காலை நடைக்குப் போகலாம். போனால் கடிகாரம் முன்னே நகரும்.

முதல் நாள் அவர்கள் வெளிச்சத்தில்தான் இருந்தார்கள். ஆனால் இரவு முழுவதும் இருக்கையில் உட்கார்ந்தபடி மூன்று மணி நேரம்கூடத் தூங்காத உடம்போடு இருந்தார்கள். ஓட்டல் அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டிவிட்டால் காலையிலேயே அறைக்குள் போய், ஒன்றரை மணி நேரம் மட்டும் கண்ணயர்ந்துவிட்டு வெளியே கிளம்பலாம் என்று நான் சொல்லியிருந்தேன். தங்காத இரவுக்குப் பணம் கட்டக் கணவருக்கு மனம் வரவில்லை. பெட்டிகளை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு சிராங்கூன் சாலைக்குப் போய், வீரமாகாளியம்மனைத் தரிசித்து, தேக்கா சந்தையில் சாப்பிட்டு, வெயிலில் நடந்து திரும்பியபோது இருவருக்கும் கால் ஓய்ந்துபோயிருந்தது. மூன்று மணிக்கு அறைக்குள் போய்ப் படுத்தவர்கள் ஏழரைக்குத்தான் எழுந்தார்கள். அன்று இரவு இரண்டு மணி வரை இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

அந்தப் பிற்பகல் தூக்கம்தான் இந்த இடைத்தங்கலின் பாதிப் பயனை விழுங்கிவிட்டது என்பது என் கணிப்பு. இரண்டாம் நாள் நன்றாகவே போனது. ஏழரைக்கு எழுந்து தாவரவியல் பூங்காவில் நடந்தார்கள், பகலில் படுக்கவில்லை, இரவு பத்தரைக்குத் தூங்கினார்கள். மூன்றாம் நாள் காலையும் அப்படியே. ஆக, இரண்டு இரவுத் தங்கலில் உடல் முன்னே நகர்ந்தது ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கலாம். முதல் நாள் வீணாகாமல் இருந்திருந்தால் முழு இரண்டரை மணி நேரத்தையும் எட்டியிருக்கக்கூடும்.

இன்சுலினைப் பொறுத்தவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. திருச்சியில் ஒன்பது மணி ஊசியைப் போட்டுக்கொண்டுதான் விமான நிலையம் போனார். சிங்கப்பூரில் இரண்டு இரவும் அந்நாட்டு நேரம் பத்து மணிக்குப் போட்டுக்கொண்டார். மருந்து முழுவதும் கைப்பையில் இருந்தது, ஏனென்றால் சரக்கறையில் ஏற்றும் பெட்டி வழி தவறினால் மருந்தும் போய்விடும். அங்குள்ள குளிரில் இன்சுலின் உறைந்தாலும் கெட்டுவிடும். மருந்துச் சீட்டும், ஊசி ஏன் தேவை என்று விளக்கும் என் கடிதமும் உடன் இருந்தன.

விமானமும் ஆக்லாந்தும்

மூன்றாம் நாள் மாலை எட்டரைக்கு விமானம் புறப்பட்டபோது ஆக்லாந்தில் மணி பின்னிரவு ஒன்றரை. ஏறியவுடன் தூங்குவதுதான் சரி. மனைவி சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி, கண்ணுக்குத் திரை கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் தூங்கினார். கணவருக்கு ஊசி இருந்ததால் சாப்பிட்டே ஆக வேண்டும். கிழக்கே போகும்போது நாள் சுருங்குகிறது. விமானத்தில் சிங்கப்பூர் நேரம் பத்து மணிக்குப் போட்டுக்கொள்ளும் ஊசிக்கும், மறுநாள் ஆக்லாந்து நேரம் இரவு பத்து மணிக்குப் போடும் ஊசிக்கும் இடையே 24 மணி நேரம் அல்ல, 19 மணி நேரமே இருக்கும். இரண்டு ஊசிகளின் வேலையும் ஐந்து மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால் அவருடைய சர்க்கரை நோய் நிபுணரோடு கலந்து பேசி, விமானத்தில் போடும் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்திருந்தோம். இது அவருக்காகச் செய்த கணக்கு. மற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது. இறங்குவதற்கு முன் பார்த்தபோது சர்க்கரை 104. ஆக்லாந்தில் மறுநாள் விடியற்காலை 92. இரண்டுமே நான் எதிர்பார்த்த அளவுகள்தாம்.

மனைவிக்கு இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வரும் வீக்கம் அது, மறுநாள் காலைக்குள் வற்றிவிட்டது. ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் வந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருந்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் உட்கார்ந்தே இருந்தால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனாலும் அது ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அளவுதான். எழுந்து நடப்பதும் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையும் இருவருக்கும் போதுமானவையாக இருந்தன.

உணவுப் பொருள் கொண்டுவந்திருப்பதை முன்கூட்டியே அறிவிப்புப் படிவத்தில் எழுதியிருந்ததால் ஆக்லாந்துச் சோதனையில் சிக்கல் இல்லை. அங்கே தேனை உள்ளே விடமாட்டார்கள். அறிவிக்காமல் கொண்டுவந்தது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தூக்கம் கெட்ட கண்ணோடு வரிசையில் நின்று படிவம் நிரப்புபவர்கள் பெட்டியில் இருக்கும் பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் மறந்துவிடுவது இயல்பு. அதனால் சிங்கப்பூர் அறையில் உட்கார்ந்தே அதை முடிக்கச் சொல்லியிருந்தேன்.

பதினொன்றரைக்கு இறங்கி ஒரு மணிக்கு வெளியே வந்தார்கள். இருவரும் பிற்பகல் முழுவதும் துறைமுகப் பகுதியில் வெயிலில் நடந்தார்கள். அந்நேர வெளிச்சம் உடலின் தாழ்நிலைக்குப் பின்னால் வருவது, சரியான திசையில் இழுப்பது. நியூசிலாந்துக் கோடையில் புற ஊதாக் கதிரின் கடுமை நம் ஊரில் பழகியவர்களையும் சுட்டுவிடும் என்பதால் தொப்பியும் களிம்பும் தேவைப்பட்டன. இரவு ஒன்பது மணிக்கு, இன்னும் வெளிச்சம் முழுதாக மங்காத நிலையில், அசதியில் இருவரும் தூங்கிப்போனார்கள். கணவர் பத்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஊசியைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தார்.

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு இருவருக்குமே விழிப்பு வந்துவிட்டது. நம் நேரத்துக்கு அது மாலை ஐந்து மணி. மாலை ஐந்துக்கு யாருக்குத் தூக்கம் வரும்? நாலரை மணி அளவில் இருவருக்கும் மறுபடி கண் சொக்கத் தொடங்கியது. அந்த இடத்தில்தான் இருவருடைய கதையும் பிரிகிறது.

மனைவி தலைவலிக்கிறது என்று திரைச்சீலையை முழுவதும் இழுத்து மூடிவிட்டு ஒன்பது மணி வரை தூங்கினார். கணவர் தூக்கத்தை உதறிக்கொண்டு எழுந்து, ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். ஆக்லாந்தில் ஜனவரியில் ஆறேகாலை ஒட்டிச் சூரியன் எழுந்துவிடுகிறது. கடற்கரை ஓரமாக ஏழரை மணி வரை, தெளிந்த வானத்தின் கீழ், சூரியனை எதிர்நோக்கி நடந்தார். மறுநாளும் அப்படியே செய்தார். நான் எழுதிக் கொடுத்த தாளில் "போன இடத்தில் காலை வெயிலில் நடக்கவும்" என்று இருந்தது. அவர் அதை வரிக்கு வரி கடைப்பிடித்தார்.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒன்றரை மணி நேரம் முன்னே வந்திருந்த அவருடைய உடலுக்கு, தாழ்நிலை ஆக்லாந்து நேரம் ஒன்பது மணியை ஒட்டி இருந்தது. வந்த நாளின் பிற்பகல் வெயில் அதை எட்டு மணி அளவுக்கு இழுத்திருக்கலாம். ஆறு முதல் ஏழரை வரை அவர் கண்ணில் பட்ட வெயில் முழுவதும் அந்தத் தாழ்நிலைக்கு முன்னால் விழுந்தது. அது கடிகாரத்தைப் பின்னே தள்ளும் வெளிச்சம். பிற்பகல் வெயில் முன்னே இழுத்ததை விடியல் வெயில் இரண்டு நாளும் பின்னே தள்ளிக்கொண்டிருந்தது. மனைவி தூக்கத்தில் கழித்த அதே மணிகளை இவர் தம் உடலுக்கு எதிராகச் செலவிட்டார், அதுவும் தாம் நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு.

ஆறாம் நாள், நெடுஞ்சாலை

வாடகைக் காரை ஏழாம் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டிருந்தேன். ரோடோருவாவில் அறை முன்பே பதிவாகி, பணமும் கட்டியாகிவிட்டதால் அது நடக்கவில்லை. காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். ஆக்லாந்திலிருந்து ரோடோருவா ஏறத்தாழ 230 கிலோமீட்டர், மூன்று மணி நேர ஓட்டம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால், சாலை அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை. புதிதாக இருந்திருந்தால் கூடுதல் கவனத்தோடு இருந்திருப்பாரோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

ஹாமில்டனைக் கடந்து, டீராவ் என்னும் சிற்றூரை நெருங்கியபோது மணி பத்தே முக்கால். நல்ல வெயில், இருபுறமும் பச்சைப் புல்வெளி, சீரான வேகம். திடீரெனக் காரின் அடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சாலை ஓரக் கோட்டின் மேல், சக்கரம் ஏறினால் அதிரும்படி அமைத்திருக்கும் மேடுகள் அவை. மனைவி திரும்பிப் பார்த்தபோது கணவரின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பார்வை சாலையில் இல்லை. "என்னங்க! என்னங்க, ஓரமா நிறுத்துங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சக்கரம் உள்ளே திரும்பியது. டீராவில் தகரத்தால் பெரிய நாய் வடிவில் கட்டியிருக்கும் கட்டடத்துக்கு அருகில் வண்டியை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு, அதன்பின் மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். சர்க்கரை அப்போது 138. ஆகவே தாழ்சர்க்கரை காரணமில்லை. கிளம்பும் முன் இரண்டு கோப்பை காபி குடித்திருந்தார்.

பத்தே முக்கால் என்பது நம் நேரத்துக்கு விடியற்காலை மூன்றேகால். திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவு முழுக்க ஓட்டி வருகிறவர்கள் உளுந்தூர்ப்பேட்டைக்கு மேல் மூன்று மூன்றரை மணிக்குக் கண்ணயர்வதை நாம் அறிவோம். அந்நேரம் ஓட்டவே கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதே மூன்றேகால் மணியில்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே சூரியன் இருந்ததால் அவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை மனைவி என்னை அழைத்து நடந்ததைச் சொன்னார். ஒன்பது மணிக்கு முன் வெளியே போகக் கூடாது, அறைக்குள் திரை மூடியிருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் போனால் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும், ஒன்பதரைக்கு மேல் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், நான்கு நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று கணவரிடம் சொன்னேன். "காலையில நடக்கலன்னா எனக்கு நாளே ஓடாது டாக்டர்" என்றார். நடையை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன் என்றேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதித்தேன். ஏழாம் நாள் இரவே மனைவி பத்தரை முதல் ஆறு வரை தூங்கிவிட்டார். கணவருக்கு அப்படி ஒரு முழுத் தூக்கம் வாய்த்தது பத்தாம் நாள் இரவில்தான்.

ஆய்வில் கவனிக்க வேண்டியவை

இருவரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. கணவர் ஐந்து வயது மூத்தவர், இன்சுலின் எடுப்பவர், விமானத்தில் குறைவாகத் தூங்கியவர், ஊசிக்காக இரவில் ஒருமுறை எழ வேண்டியிருந்தவர். இவை எல்லாமே அவருடைய தாமதத்தில் பங்கு வகித்திருக்கும். ஆனாலும் வெளிச்சம் பட்ட நேரத்தில் இருந்த வேறுபாடு எதிர்பார்த்த திசையிலேயே விளைவைக் காட்டியதால், அதை முதன்மைக் காரணமாகக் கொள்கிறேன். தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் சிறிய அளவில் எடுத்தால் அது உதவும் என்பது ஆய்வுகளில் தெரிந்ததே. இருவரும் ஏற்கெனவே பல மாத்திரைகளை உட்கொள்வதால் நான் கொடுக்கவில்லை.

என் தவறு "காலை வெயில்" என்ற சொல்லில் இருந்தது. உள்ளூரில் தூக்கம் கெட்டவருக்குச் சொல்லும் அறிவுரை அது. ஏழரை மணி நேர வேறுபாட்டைத் தாண்டிப் போகிறவருக்கு முதல் மூன்று நாள் அது பொருந்தாது. மணியைக் குறிப்பிட்டு எழுதியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏழு மணி, ஆக்லாந்தில் முதல் விடியலில் ஒன்பதரை, பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக என்று எழுதியிருந்தால், ஒழுங்கானவரான அவர் அதையும் வரிக்கு வரி கடைப்பிடித்திருப்பார்.

இப்போது நான் எழுதிக் கொடுக்கும் தாளில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன: போகும் ஊரின் நேரம் ஒன்றில், திருச்சி நேரம் மற்றொன்றில். வண்டி ஓட்டும் நேரம் இரண்டிலும் பகலாக இருந்தால்தான் சாவியைத் தொடலாம் என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். இடைத்தங்கலின் முதல் காலைக்கு அறை வாடகை கட்டுவதையும் பயணச் செலவில் சேர்க்கச் சொல்கிறேன். முடிந்தவர்களைப் பகல் விமானத்தில் சிங்கப்பூர் போகச் சொல்கிறேன்.

வரும் ஜூன் மாதம் இதே வழியில் இன்னொரு தம்பதி போகிறார்கள். ஜூனில் அங்கே குளிர்காலம். நேர வேறுபாடு ஆறரை மணியாகக் குறையும். ஆக்லாந்தில் ஏழரைக்குத்தான் விடியும். அந்த இருட்டே அவர்களைப் பாதி காத்துவிடும். மீதிக்கு, முதல் நாள் நடை ஒன்பது மணிக்கு மேல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.